மாட்டியவரே கழற்ற வேண்டும்

காலை ஒன்பது மணிக்குத் திறந்த வலைப்பக்கம் சிட்டாய்ப் பறக்கிறது. மதியத்துக்குள் தட்டிய எழுத்து திரையில் தெரியவே ஒரு கணம் பிடிக்கிறது. மாலை நான்கு மணிக்குக் கணினியின் விசிறி இரைகிறது. பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி பழைய வேகம். வாடிக்கையாளர் சேவை மையத்திலும் மருத்துவமனை வரவேற்பு மேசையிலும் ஒரே பக்கத்தை நாள் முழுக்கத் திறந்து வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. இணைய இணைப்பு சரியில்லை, கணினி பழசாகிவிட்டது என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். மூடித் திறந்ததும் சரியாகிவிடுகிறது என்றால் குற்றம் இணைப்பிலும் இல்லை, கணினியிலும் இல்லை. பக்கத்தை எழுதியவர் எதையோ மாட்டிவிட்டுக் கழற்றாமல் போயிருக்கிறார். அது பல நேரங்களில் ஈவென்ட் லிசனராக இருக்கும்.

சிறிய விஷயம் போலத் தோன்றும் இந்த லிசனர், கால் நூற்றாண்டுக்கும் மேலாக வலை நிரலாளர்களைப் படுத்திவருகிறது. பேக்போன், ஆங்குலர், ரியாக்ட், வியூ என்று அடுத்தடுத்து வந்த ஃப்ரேம்வொர்க்குகள் ஒவ்வொன்றும் இதற்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாமே ஒரே திசையில் நகர்ந்து வந்திருப்பது தெரியும்.

லிசனர் எங்கே குடியிருக்கிறது?

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் உருவாக்கினார். வலைப்பக்கத்தைப் பயனரின் செயலுக்கு உடனே பதில் சொல்ல வைப்பதுதான் அதன் முதல் வேலை. பயனர் எப்போது சொடுக்குவார், எப்போது தட்டச்சு செய்வார் என்று நிரலுக்குத் தெரியாது. அதனால் அது பிரவுசரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறது: "இந்தப் பட்டனை யாராவது அழுத்தினால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு." அழுத்துவது, உருட்டுவது, சன்னலின் அளவை மாற்றுவது எல்லாம் ஈவென்ட்டுகள். கூப்பிடப்படுவதற்காகக் காத்திருக்கும் ஃபங்ஷன், லிசனர்.

தொடக்கத்தில் ஒரு பட்டனுக்கு ஒரு ஈவென்ட்டுக்கு ஒரே ஒரு ஃபங்ஷன்தான் வைக்க முடியும். இரண்டாவதை வைத்தால் முதலாவது அழிந்துவிடும். 2000 நவம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட தரவரையறை இதை மாற்றியது. ஆட்ஈவென்ட்லிசனர் என்ற கட்டளையால் எத்தனை ஃபங்ஷனை வேண்டுமானாலும் அடுக்கலாம். கூடவே ரிமூவ்ஈவென்ட்லிசனர் என்ற கட்டளையும் வந்தது. சேர்க்க ஒன்று, நீக்க ஒன்று என்று இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. ஆனால் முதலாவதை எழுதாமல் பக்கம் வேலை செய்யாது. இரண்டாவதை எழுதாவிட்டாலும் பக்கம் வேலை செய்யும். சிக்கல் முழுவதும் இந்தச் சமமின்மையில்தான் தொடங்குகிறது.

லிசனரைப் பதிவு செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது? வீடு மாறிப் போகிறவர் பால்காரரிடம் சொல்லாமல் போனால், பழைய முகவரி அவருடைய நோட்டில் அப்படியே இருக்கும். பாக்கெட்டும் தினமும் வாசலில் விழும். முகவரி இருப்பது நம் கையில் இல்லை, அவர் நோட்டில். லிசனரும் அப்படியே. சன்னலுக்கு ஒரு லிசனரை மாட்டினால், அந்த ஃபங்ஷனின் முகவரி சன்னலின் பட்டியலில் ஏறுகிறது. ஃபங்ஷனுக்குச் சொந்தமான திரைப்பகுதி மறைந்துபோனாலும் பட்டியல் தானாகச் சுருங்காது.

குப்பை எது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

"ஜாவாஸ்கிரிப்டில் நினைவகத்தை மொழியே பார்த்துக்கொள்ளுமே, நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று புதிதாகக் கற்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேவையற்ற நினைவகத்தைத் தானே மீட்கும் முறையை ஜான் மெக்கார்த்தி 1960-ல் லிஸ்ப் மொழிக்காக விவரித்தார். இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்களும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. எப்போதும் உயிரோடிருக்கும் சில பொருள்களிலிருந்து எஞ்சின் புறப்படுகிறது. அவை சுட்டும் பொருள்கள், அந்தப் பொருள்கள் சுட்டும் பொருள்கள் என்று தொடர்ந்து போய் எல்லாவற்றிலும் குறியிடுகிறது. எந்த வழியாகவும் எட்ட முடியாதது குப்பை; அதன் இடம் மீட்கப்படும்.

ஒரு பொருள் இனித் தேவைப்படுமா என்பது எஞ்சினுக்குத் தெரியாது. எட்ட முடிகிறதா என்பது மட்டுமே தெரியும். சன்னல் என்ற பொருள் பக்கம் திறந்திருக்கும்வரை உயிரோடிருக்கும். சன்னலின் பட்டியலில் லிசனர் இருக்கிறது. லிசனர் தான் பிறந்த இடத்தின் மாறிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மாறிகளில் ஒன்று, திரையிலிருந்து எப்போதோ நீக்கப்பட்ட ஐந்நூறு வரிகள் கொண்ட அட்டவணையாக இருக்கலாம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறாதவரை, அட்டவணை முழுவதும் நினைவகத்தில் கிடக்கும்; இதுதான் நினைவகக் கசிவு. எஞ்சின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குக் கிடைத்த தகவல்தான் தவறு.

எந்த லிசனரைக் கழற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒரு பட்டனுக்கு மாட்டிய லிசனர், அந்தப் பட்டன் பக்கத்திலிருந்து நீங்கி, வேறு யாரும் அதைப் பிடித்துக்கொண்டிராவிட்டால், பட்டனோடு சேர்ந்தே போய்விடும். கேட்பவரைவிடக் கேட்கப்படுவது நீண்ட நாள் வாழும்போதுதான் ஆபத்து. சன்னல், ஆவணம், வெப்சாக்கெட் இணைப்பு, செயலி முழுவதற்கும் பொதுவான தரவுக் கிடங்கு, நிற்காமல் ஓடும் டைமர் ஆகியவை அந்த நீண்ட ஆயுள்காரர்கள்.

உள்ளே புகுந்த முதல் கசிவு

2000-களின் தொடக்கத்தில் உலகின் பெரும்பாலான கணினிகளில் இருந்தது இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. அதில் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்களை ஓர் அமைப்பும், பக்கத்தின் உறுப்புகளை வேறோர் அமைப்பும் நிர்வகித்தன. உறுப்புகளை நிர்வகித்த அமைப்பு, ஒவ்வோர் உறுப்பையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, அது பூஜ்யமானால் மட்டுமே இடத்தை விடும். ஒரு பட்டன் தன் லிசனரைப் பிடித்திருக்கும். லிசனர் தான் பிறந்த இடம் வழியாக அந்தப் பட்டனையே பிடித்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யமாகாது. ஒரு தளத்தை விட்டு வேறு தளத்துக்குப் போனாலும் அந்த இடம் மீளாது. பிரவுசரையே மூட வேண்டும். டக்ளஸ் கிராக்ஃபோர்ட் போன்றவர்கள், ஓர் உறுப்பை நீக்குவதற்கு முன் அதன் லிசனர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் சிறு நிரல்களை எழுதிப் பரப்பினார்கள். 2009-ல் வந்த 8-ஆம் பதிப்புக்குப் பிறகுதான் இந்தச் சுழற்சிச் சிக்கல் ஓய்ந்தது.

பிரவுசரின் குறை நீங்கியதும் நிரலாளரின் குறை வெளியே தெரிந்தது. அதற்குள் வலைத்தளங்கள் கட்டப்படும் விதமே மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரு இணைப்பைச் சொடுக்கினால் புதிய பக்கம் வரும். பழைய பக்கத்தின் சன்னல் பொருளும் லிசனர்களும் மொத்தமாகக் கழுவப்படும். 2004-ல் ஜிமெயில் வந்தபின், ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும் முறை பரவியது. பக்கம் மாறுவதே இல்லை என்றால் தானாகக் கழுவப்படுவதும் இல்லை.

2010-ல் ஜெரமி ஆஷ்கெனாஸ் வெளியிட்ட பேக்போன் ஃப்ரேம்வொர்க்கில் இந்த வலி உச்சத்துக்கு வந்தது. தரவு ஒரு பக்கம், அதைக் காட்டும் வியூ (திரைப்பகுதி; அதே பெயருள்ள ஃப்ரேம்வொர்க் அல்ல) ஒரு பக்கம். தரவு மாறினால் தன்னிடம் சொல்லும்படி வியூ பதிவு செய்துகொள்ளும். பயனர் வேறு திரைக்குப் போனதும் வியூவை நிரலாளர் திரையிலிருந்து நீக்குவார்; தரவின் பட்டியலிலிருந்து நீக்க மறப்பார். தரவு மாறும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத அந்த வியூ எழுந்து தன்னைத்தானே மறுபடி வரைந்துகொள்ளும். நிரலாளர்கள் இவற்றை ஸோம்பி வியூக்கள் என்றார்கள்.

2012 டிசம்பரில் வந்த பேக்போன் பதிப்பு இதற்கு அழகான தீர்வு ஒன்றைத் தந்தது. தரவிடம் போய் "இவருக்குச் சொல்" என்று பதிவதற்குப் பதில், வியூவே "நான் இதைக் கேட்கிறேன்" என்று பதியும் லிசன்டூ கட்டளை வந்தது. தான் எதையெல்லாம் கேட்கிறோம் என்ற பட்டியலை வியூ தன்னிடமே வைத்துக்கொள்ளும். வியூவை நீக்கும்போது ஸ்டாப்லிசனிங் தானாக ஓடி அத்தனையையும் கழற்றிவிடும். கழற்றும் பொறுப்பு, கேட்பவரின் ஆயுளோடு சேர்த்துக் கட்டப்பட்டது. பின்னால் வந்த ஃப்ரேம்வொர்க்குகள் எல்லாம் இதே பாதையில்தான் நடந்தன.

ஒரு கன்ட்ரோல்-எஸ், ஐந்து சேமிப்பு

லிசனரைக் கழற்றாவிட்டால் நினைவகம் வீணாகும், பக்கம் மெதுவாகும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய சேதம் நடக்க முடியும். ரியாக்டில் எழுதிய ஒரு குறிப்பேட்டுச் செயலியை எடுத்துக்கொள்வோம். எடிட்டர் என்ற கம்பொனென்ட் (திரையின் ஒரு பகுதி) திரையில் வந்ததும், ஆவணத்துக்கு ஒரு லிசனரை மாட்டுகிறது: கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் குறிப்பைச் சேமி. கழற்றும் வரி எழுதப்படவில்லை.

பயனர் ஒரு குறிப்பைத் திறக்கிறார், திருத்துகிறார், பட்டியலுக்குத் திரும்புகிறார். பிறகு அதே குறிப்பை மறுபடி திறக்கிறார். இப்படி நான்கு முறை போய்வந்து, ஐந்தாவது முறை எடிட்டருக்குள் இருக்கிறார். ஆவணத்தின் பட்டியலில் இப்போது ஐந்து லிசனர்கள். அவர் கன்ட்ரோல்-எஸ் அழுத்துகிறார். ஐந்தும் பதிவான வரிசையில் ஓடுகின்றன. சர்வருக்கு ஐந்து கோரிக்கைகள் போகின்றன.

இதில் முதல் நான்கு லிசனர்களும் தங்கள் எடிட்டர் மூடப்பட்டபோதிருந்த குறிப்பின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை. அவை அனுப்புவது பழைய வாசகம். கடைசி லிசனர் அனுப்புவதே புதிய வாசகம். அது கடைசியாகப் புறப்பட்டாலும் கடைசியாகப் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது; இணையத்தில் கோரிக்கைகள் முன்பின்னாகச் சேரலாம். பழைய வாசகம் பின்னால் வந்து புதியதை அழித்துவிட்டால், பயனர் கண்ணெதிரே சேமித்தது காணாமல் போகும். எப்போதாவது மட்டும் நடக்கும். சோதித்துப் பார்த்தால் நடக்காது. குறிப்பேட்டுக்குப் பதிலாக மருந்துச் சீட்டையோ பணப் பரிமாற்றத்தையோ வைத்துப் பார்த்தால், இதை ஏன் சிறு கவனக்குறைவு என்று ஒதுக்கக் கூடாது என்பது விளங்கும்.

அதே ஃபங்ஷன்தானா?

கழற்றும் வரியை எழுதிவிட்டால் போதுமா? போதாது. ரிமூவ்ஈவென்ட்லிசனருக்கு மூன்று விவரம் பொருந்த வேண்டும்: ஈவென்ட்டின் பெயர், மாட்டிய அதே ஃபங்ஷன், கேப்சர் என்ற தேர்வின் மதிப்பு. இதில் இரண்டாவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மாட்டும்போது அந்த இடத்திலேயே பெயரில்லாத ஒரு ஃபங்ஷனை எழுதி, கழற்றும்போது அதையே எழுத்துக்கு எழுத்து மறுபடி எழுதினால், ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஃபங்ஷன்கள். பைண்ட் என்ற கட்டளையும் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் புதிய ஃபங்ஷனையே தரும். மாட்டும்போது ஒருமுறை பைண்ட், கழற்றும்போது ஒருமுறை பைண்ட் என்று எழுதினால் கழற்றுதல் நடக்காது.

மோசமான செய்தி இன்னொன்று: பொருந்தாத ஃபங்ஷனைக் கொடுத்தால் பிரவுசர் பிழை எதுவும் காட்டாது. சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். நிரலைப் படிப்பவர் கண்ணுக்குக் கழற்றும் வரி இருக்கிறது. பட்டியலில் லிசனரும் இருக்கிறது. ஃபங்ஷனை ஒரு மாறியில் வைத்து, மாட்டவும் கழற்றவும் அந்த ஒரே மாறியைப் பயன்படுத்துவதுதான் வழி.

ரியாக்டில் இந்தக் கண்ணி இன்னும் எளிதாகச் சிக்கவைக்கும். கம்பொனென்ட் ஒவ்வொரு முறை வரையப்படும்போதும் அதனுள் எழுதிய ஃபங்ஷன்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஒரே ஃபங்ஷனை இரண்டு முறை மாட்டினால் பிரவுசர் இரண்டாவதை ஏற்காது என்ற பாதுகாப்பு இங்கே உதவாது. ஒவ்வொன்றும் புது ஃபங்ஷன் ஆயிற்றே.

ஃப்ரேம்வொர்க் எது வரை பொறுப்பு?

ரியாக்டில் பட்டனின் மேலேயே ஆன்கிளிக் என்று எழுதினால் கழற்றுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆயிரம் வரிகள் கொண்ட பட்டியலில் ஆயிரம் பட்டன்கள் இருந்தாலும், ரியாக்ட் ஒவ்வொன்றிலும் ஒரு லிசனரை மாட்டுவதில்லை. மேல்மட்டத்தில் ஒரே இடத்தில் நின்று கேட்டு, எந்தப் பட்டன் என்று பார்த்து, உரிய ஃபங்ஷனுக்கு அனுப்பிவைக்கிறது. அந்த இடம் முன்பு ஆவணமாக இருந்தது. 2020-ல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து செயலியின் வேர் உறுப்பு. வியூ, ஆங்குலர் இரண்டும் டெம்ப்ளேட்டில் எழுதிய லிசனர்களைத் தாங்களே கவனித்துக்கொள்கின்றன.

தான் மாட்டியதை மட்டுமே ஃப்ரேம்வொர்க் அறியும். சன்னலிடம், ஆவணத்திடம், வரைபட நூலகத்திடம் நாம் நேரடியாகப் போய் மாட்டியதை அது பார்க்கவே இல்லை. அதைக் கழற்ற நமக்கு ஒரு தருணத்தை மட்டும் தருகிறது: கம்பொனென்ட் போகப்போகிறது, செய்ய வேண்டியதைச் செய்துகொள். ரியாக்டின் பழைய கிளாஸ் முறையில் கம்பொனென்ட்வில்அன்மவுண்ட், ஆங்குலரில் என்ஜிஆன்டெஸ்ட்ராய், வியூ 3-ல் அன்மவுண்டட் என்று பெயர்கள் வேறு; தருணம் ஒன்றே.

கிளாஸ் முறையில் மாட்டுவது ஓரிடத்திலும் கழற்றுவது நூறு வரி தள்ளி வேறிடத்திலும் இருந்தது. கண்ணில் படாதது மறந்துபோவது இயல்பு. 2019 பிப்ரவரியில் ஹூக்குகளோடு வந்த ரியாக்ட் 16.8 இந்தத் தூரத்தை இல்லாமல் ஆக்கியது. யூஸ்எஃபெக்ட் என்ற ஹூக்குக்குள் லிசனரை மாட்டும் ஃபங்ஷனே, அதைக் கழற்றும் ஃபங்ஷனையும் திருப்பித் தரும். மாட்டிய வரிக்கு அடுத்த வரியிலேயே கழற்றும் வரி. இரண்டும் ஒரே மாறியைப் பார்ப்பதால் ஃபங்ஷன் மாறிப்போகும் ஆபத்தும் குறைகிறது. சார்ந்திருக்கும் மதிப்பு மாறினால், பழையதைக் கழற்றிவிட்டுத்தான் ரியாக்ட் புதியதை மாட்டும். நம் குறிப்பேட்டுச் செயலியின் பழைய வாசகச் சிக்கலும் இதனால் தீரும்.

2022 மார்ச்சில் வந்த 18-ஆம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. உருவாக்கும் கட்டத்தில் ஸ்ட்ரிக்ட் மோட் போட்டிருந்தால், ஒவ்வொரு கம்பொனென்ட்டையும் முதல்முறை திரைக்குக் கொண்டுவரும்போதே ரியாக்ட் ஒருமுறை கழற்றி மறுபடி மாட்டிப் பார்க்கிறது. கழற்றும் வரி விட்டுப்போயிருந்தால், எல்லாம் இரட்டையாக நடந்து அப்போதே காட்டிக்கொடுக்கும். ஏன் இரண்டு முறை ஓடுகிறது என்று எரிச்சல்பட்டு ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. காய்ச்சல் என்று காட்டும் வெப்பமானியைத் தூக்கி எறிகிற வேலை அது.

மற்ற இடங்களிலும் இதே நகர்வுதான். 2023-ல் ஆங்குலர் 16, கம்பொனென்ட்டின் முடிவோடு, தரவு மாற்றங்களைக் கேட்கும் சந்தாவையும் முடித்துவிடும் டேக்அன்டில்டெஸ்ட்ராய்டு என்பதைத் தந்தது. செயலி முழுவதும் பொதுவாக ஒரு ஈவென்ட் பஸ் வைத்துக்கொள்ளப் பலர் பயன்படுத்திய கட்டளைகளை 2020-ல் வியூ 3 எடுத்தேவிட்டது. எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாமல் எழுதுபவர்களுக்குப் பிரவுசரே நல்ல வழி ஒன்று தந்திருக்கிறது. அபார்ட்கன்ட்ரோலர் என்ற பொருளின் சிக்னலை லிசனரோடு சேர்த்துக் கொடுக்கலாம். முக்கியமான பிரவுசர்கள் அனைத்திலும் 2021 முதல் இது இயங்குகிறது. பத்து லிசனர்களுக்கு ஒரே சிக்னலைக் கொடுத்துவைத்து, கடைசியில் அபார்ட் என்று ஒரு வரி எழுதினால் பத்தும் கழன்றுவிடும். ஃபங்ஷனை மாறியில் வைத்து நினைவில் கொள்ளும் தொல்லையும் இல்லை.

கசிவை எப்படிப் பிடிப்பது?

குரோமின் டெவலப்பர் கருவிகளில் மெமரி என்ற பகுதி இருக்கிறது. செயலியைத் திறந்து, பட்டியல் பக்கத்தில் நின்றபடி ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் (நினைவகத்தின் அப்போதைய படம்) எடுங்கள். சந்தேகப்படும் திரைக்குப் போய்த் திரும்புங்கள். ஏழு முறை செய்யுங்கள். தற்செயலாக வேறெதுவும் ஏழாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதால் இப்படி ஒரு எண்ணைத் தேர்ந்துகொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். அதே பட்டியல் பக்கத்தில் நின்று இரண்டாவது ஸ்னாப்ஷாட் எடுத்து, முதலாவதோடு ஒப்பிடுங்கள். எது ஏழேழாகக் கூடியிருக்கிறதோ அதுதான் கசிகிறது. தேடும் கட்டத்தில் டிடாச்ட் என்று தட்டினால், பக்கத்திலிருந்து நீங்கியும் நினைவகத்தை விட்டுப் போகாத உறுப்புகள் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற சங்கிலி கீழே விரியும். அந்தச் சங்கிலியில் ஏறிப் போனால், கழற்றாமல் விட்ட லிசனரில் போய் நிற்கலாம். இன்னும் எளிதாக, கன்சோலில் கெட்ஈவென்ட்லிசனர்ஸ் என்று சன்னலைக் கேட்டால், மாட்டியிருக்கும் அத்தனையையும் அதுவே காட்டிவிடும்.

சர்வர் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் இன்னும் கறாரானது. ஒரு பொருளில் ஒரே ஈவென்ட்டுக்குப் பத்துக்கு மேல் லிசனர் ஏறினால், நினைவகக் கசிவாக இருக்கலாம் என்று எச்சரிக்கை அச்சிடும். வரம்பை உயர்த்தி எச்சரிக்கையை வாயடைப்பது ஒரு வரி வேலை. ஏன் பதினொன்று வந்தது என்று முதலில் தேடுவதுதான் முறை.

இந்தக் கசிவின் சுமையைத் தாங்குபவர்கள் நிரலாளர்கள் அல்லர். பதினாறு ஜிபி நினைவகம் கொண்ட கணினியில் எழுதி, நிமிடத்துக்கொரு முறை பக்கத்தைப் புதுப்பித்துச் சோதிப்பவர் கண்ணுக்கு அது தெரியாமலே போகலாம். மலிவான கைபேசியில் ஒரே பக்கத்தை மணிக்கணக்கில் திறந்து வைத்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவருக்கு இதன் பெயர் தெரியாது, யாரிடம் புகார் செய்வது என்றும் தெரியாது. அதனால் அவர் சார்பில் கேட்க வேண்டியது, சக நிரலாளரின் நிரலை மதிப்பாய்வு செய்யும் நாம்தான். லிசனரோ டைமரோ சந்தாவோ மாட்டப்படும் வரியைப் பார்த்ததும், இது எங்கே கழற்றப்படுகிறது என்று கேட்போம். அதே திரையில் விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அந்த நிரலைத் திருப்பி அனுப்புவோம்.